மீன் தொட்டிக்கு மூன்று பாட்டில்களும் வேண்டுமா?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு இரண்டடி மீன் தொட்டி வாங்கினோம். கடையில் ஆன்டி குளோரின், பாக்டீரியா, நீல மருந்து என்று மூன்று பாட்டில்கள் கொடுத்தார்கள். சொன்ன அளவில் மூன்றையும் ஊற்றி அன்றைக்கே ஆறு கோல்டு ஃபிஷ் விட்டோம். எட்டு நாட்களுக்குள் நான்கு செத்துவிட்டன. மகள் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. இந்த மருந்துகள் உண்மையிலேயே தேவையா? எங்கே தவறினோம்?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: முதலில் மீதமுள்ள இரண்டு மீன்களைக் கவனிப்போம், விளக்கம் பிறகு. இன்றே தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்குத் தினமும் இதைச் செய்யுங்கள். இரண்டு நாள் தீனி போட வேண்டாம். அந்தப் பட்டினியில் கோல்டு ஃபிஷ் சாகாது. நீல மருந்தை இனி ஊற்றாமல் அலமாரியில் வைத்துவிடுங்கள். ஏர் பம்பை இரவிலும் நிறுத்தாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பாட்டில்களில் உங்களுக்கு அவசியமானது ஆன்டி குளோரின் ஒன்றுதான். அம்பத்தூரில் உங்களுக்கு வருவது மெட்ரோ வாட்டர் என்றால் அதில் குளோரின் இருக்கும், இருக்கவும் வேண்டும். நம் நாட்டுக் குடிநீர்த் தரவிதிப்படி குழாய் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். நம்மைக் காலராவிலிருந்து காக்கும் அந்த அளவே மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். ஆன்டி குளோரினில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். கற்கண்டு போன்ற மலிவான உப்பு. குளோரினை அது நொடிகளில் செயலிழக்கச் செய்துவிடும். வாளியில் தண்ணீரைப் பிடித்து ஏர் ஸ்டோன் (ஏர் பம்பில் இணைத்துக் காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஒரு நாள் முழுக்க வைத்தாலும் குளோரின் போய்விடும். நேரம் இருப்பவர்களுக்கு அதுவே போதும். அவசரத்துக்கு பாட்டில் வீட்டில் இருக்கட்டும்.

ஆனால் உங்கள் மீன்களைக் கொன்றது குளோரின் இல்லை என்று நினைக்கிறேன். குளோரினாக இருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஒரு வாரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் அது அம்மோனியாவின் வேலை. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி அதையே கூட்டும். ஏரியிலோ குளத்திலோ இது ஒரு பொருட்டே இல்லை. இரண்டடித் தொட்டி விளிம்புவரை நிரப்பினாலே ஏறத்தாழ 56 லிட்டர்தான் கொள்ளும். கூழாங்கல் போட்டு மேலே இடம் விட்டால் 45 லிட்டர். அதில் ஆறு கோல்டு ஃபிஷ் மிகவும் அதிகம். அதிகம் கழிவு போடும் மீன்களில் அதுவும் ஒன்று.

இந்த அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தின்று அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு. அவை குடியிருப்பது தண்ணீரில் அல்ல. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. மிக மெதுவாகப் பெருகுபவை. புதுத் தொட்டியில் அவை தாமாகக் குடியேறி நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் அந்த வாரங்களைக் கொடுக்கவில்லை. கடையில் யாரும் உங்களுக்குச் சொல்லவும் இல்லை. அதுதான் எனக்குக் கோபம்.

பாக்டீரியா பாட்டிலே பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998இல் அமெரிக்க ஆய்வாளர் டிமத்தி ஹோவனெக்கும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் காட்டினார்கள். இன்றும் பல பாட்டில்களில் இருப்பது பாசில்லஸ் வகை. அது வித்தாக உறங்கி மாதக்கணக்கில் உயிர் பிழைக்கும், அடியில் தேங்கும் கசடைச் சிதைக்கும். நீங்கள் எதிர்பார்த்த அம்மோனியா வேலையை அது செய்யாது. அந்த வேலைக்குரியவை வித்தாக உறங்கத் தெரியாதவை. நம் ஊர் வெயிலில் கடைக் கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்கில் நிற்கும் பாட்டிலில் அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கும்? வாங்கத்தான் வேண்டும் என்றால் உள்ளிருக்கும் வகையின் பெயரும் தயாரித்த தேதியும் அச்சிட்டிருக்கிறதா, குளிர்ச்சியில் வைத்திருந்தார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

நீல மருந்து மெத்திலின் புளூவாக இருக்க வேண்டும். நோய்ப்பட்ட மீனைத் தனித் தொட்டியில் வைத்து வைத்தியம் செய்வதற்கு அது நல்ல மருந்து. மீன்கள் எல்லாம் வாழும் தொட்டியில் ஊற்றினால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். ஒரே நாளில் இரண்டையும் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள்!

உங்களுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல பாக்டீரியா பக்கத்திலேயே இருக்கிறது. கொளத்தூர் அருகில்தானே? மாடியில் தொட்டி கட்டி மீன் வளர்ப்பவர்கள் அங்கே ஏராளம். ஆரோக்கியமான மீன்கள் இருக்கும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேளுங்கள். கையில் எடுத்தால் வழவழவென்று இருக்கும், பிழிந்தால் தேநீர் மாதிரி பழுப்பாக நீர் கொட்டும், மழை பெய்த மண்ணின் மணம் வரும். அழுகல் நாற்றம் இருந்தால் வேண்டாம். காயவிடாமல் அந்தத் தொட்டி நீரிலேயே பையில் போட்டு எடுத்துவந்து, உங்கள் ஃபில்டருக்குப் பக்கத்தில் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

முப்பது ஆண்டுகளாக மீன் வளர்க்கிறேன். முதல் ஆண்டில் ஸ்பாஞ்ச் அசிங்கமாக இருக்கிறதே என்று குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினேன். அழுக்கோடு பாக்டீரியாவும் போய்விட்டது. நான்காம் நாள் காலையில் என் மீன்கள் எல்லாம் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, செவுள் ஓரம் ரத்தச் சிவப்பு. தண்ணீரோ பளிங்காக இருந்தது. ஒரு பெரிய மாலி மீனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது இன்றும் கண்முன் இருக்கிறது. தெளிந்த நீரை நம்பாதீர்கள். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். ஒரு அம்மோனியா சோதனைப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பரவலாகக் கிடைக்கும் வகையில் சோதனைக் குழாய் நீர் மஞ்சளாக நின்றால் நல்லது, பச்சை ஏறினால் அன்றே தண்ணீர் மாற்ற வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை மகளிடமே கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர் மட்டும்தான். ஆன்டி குளோரின் வேண்டுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் நீங்களாக பிளீச்சிங் பவுடர் போடாதவரை வேண்டாம். ஆனால் காரத்தன்மையைப் பாருங்கள். அதைக் காட்டும் பி.எச். அளவு 7இலிருந்து 8ஆக ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். ஆகவே மீன் தொட்டியில் பாக்டீரியா நிலைகொள்ளும்வரை உங்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. கப்பி, மாலி மீன்கள் போர்வெல்லில் வருவது போன்ற கடின நீரை விரும்புபவை, அவற்றோடு தொடங்குங்கள்.

கேள்வி: ஊரில் செய்த மாதிரியே தண்ணீரை இரண்டு நாள் வாளியில் வைத்துத்தான் ஊற்றுகிறேன். இங்கே மீன்கள் திணறுகின்றன.
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த அது, இரண்டு நாளில் காற்றோடு போகாது. உங்களுக்கு நீர்ப் பதப்படுத்தி (வாட்டர் கண்டிஷனர்) பாட்டில் கட்டாயம் தேவை. வெறும் தயோசல்பேட் குளோரினை மட்டும் முடக்கி அம்மோனியாவைத் தண்ணீரில் விட்டுவிடும். அம்மோனியாவையும் கட்டிப்போடும் என்று லேபிளில் எழுதியிருப்பதை வாங்குங்கள். ஒரே தடவையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள். மருந்தை முதலில் வாளியில் கலந்துவிட்டுப் பிறகு தொட்டியில் ஊற்றுங்கள்.