முதலில் பிரேக், கடைசியில் எஞ்சின்: ஆக்டேவியா ஆர்எஸ் 230 பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: 70,000 கிலோமீட்டர் ஓடிய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 காரை அண்மையில் வாங்கினேன். எஞ்சினை ரீமேப் செய்து (அதாவது, அதை இயக்கும் மென்பொருளை மாற்றி) 300 குதிரைத்திறனை எட்டவும், அதன்பின் காரின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குகளையும் பெரிய பிரேக் டிஸ்க்குகளையும் பொருத்தவும் எண்ணியிருக்கிறேன். வால்பாறைக்கு அடிக்கடி செல்வேன்; செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டும் ஆசையும் உண்டு. இந்த வரிசை சரியா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் காரின் 2.0 லிட்டர் டர்போ எஞ்சின் 230 குதிரைத்திறனும் 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் ஒரு செடானுக்கு இதுவே தாராளம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரை நிறுத்தும்போது, 100 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்துவதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு வெப்பத்தை பிரேக் தாங்க வேண்டியிருக்கிறது என்பதால், வேகத்தைக் கூட்டும் வேலைக்கு முன்பு அதை அடக்கும் வேலை முடிந்திருக்க வேண்டும்.

பெரிய டிஸ்க்குகள் உடனே தேவையில்லை. ஒரே ஒரு முறை அழுத்தி நிறுத்தும்போது, எவ்வளவு தூரத்தில் கார் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது டயரின் பிடிமானம்தான்; பெரிய டிஸ்க்கின் பயன், திரும்பத் திரும்ப பிரேக் பிடிக்கையில் சேரும் வெப்பத்தைத் தாங்குவதில் இருக்கிறது. முதலில் நல்ல டயர்களையும், சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் பொதுவான ரக பிரேக் பேடுகளையும் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டைகள்) போடுங்கள். பந்தயத்துக்கு மட்டுமே உரிய பேடுகள் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது என்பதால், அன்றாடம் ஓட்டும் காருக்கு அவை ஆபத்தானவை. பிரேக் ஆயிலையும் மறந்துவிட வேண்டாம். டாட் 4 என்னும் தரவகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழசானபின் தரநிலை கேட்பது 155 டிகிரி மட்டுமே. வால்பாறை சாலையில் ஆழியாறுக்கு மேலே உள்ள 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், மிதி தரைவரை இறங்கியும் கார் நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், தடத்தில் ஓட்டுவதற்கு முன்பும் ஆயிலை மாற்றுங்கள்.

சஸ்பென்ஷனில்தான் பலர் பணத்தை வீணடிக்கிறார்கள். 70,000 கிலோமீட்டர் ஓடிய காரில் ஷாக் அப்சார்பர்களும் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை அப்படியே விட்டுவிட்டு, குட்டையான கடின ஸ்பிரிங்கை மட்டும் போட்டால் கார் குதிக்குமே தவிர பிடிக்காது. இந்த காரின் முன்பக்கம் மெக்ஃபர்சன் அமைப்பு: சக்கரத்தை மேலே ஷாக் அப்சார்பரும் கீழே லோயர் ஆர்ம் என்னும் கையும் தாங்குகின்றன. அதில் காரை அதிகம் தாழ்த்தினால் லோயர் ஆர்ம் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்ந்து, கார் எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு பக்கவாட்டில் சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. வளைவில் கார் குறைவாகச் சாய வேண்டும் என்று செலவழித்தவருக்கு, சாய்க்கும் விசை கூடுதலாகக் கிடைக்கிறது. இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெல்ல எழ வேண்டும். நம் தெருக்களில் இருப்பவையோ பெரும்பாலும் செங்குத்தானவை என்பதையும் எண்ணிப்பாருங்கள். எனவே 20 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்தாமல், ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரையும் ஒரே செட்டாக வாங்குங்கள். ஸ்பிரிங்கை வெட்டித் தரும் பட்டறைப் பக்கம் போகவே வேண்டாம். என்னைக் கேட்டால், சஸ்பென்ஷனில் முதல் செலவாகப் பின்பக்கத்துக்குத் தடித்த ஆன்டி ரோல் பாரைத்தான் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்துக் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பி) சொல்வேன்: முன்சக்கர இழுவைக் காருக்கே உரிய, வளைவில் மூக்கு வெளியே தள்ளும் குணத்தை அது கணிசமாகக் குறைக்கிறது. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

எஞ்சின் அதற்குப் பிறகுதான். உங்கள் காரின் ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் கொண்ட தானியங்கி கியர்பாக்ஸ்) ஏறத்தாழ 350 நியூட்டன் மீட்டருக்காக வடிவமைக்கப்பட்டது. ரீமேப் செய்தால் முறுக்குவிசை அதைத் தாண்டும், கிளட்ச் நழுவத் தொடங்கும். 60,000 கிலோமீட்டரில் கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாற்றப்பட்டதற்கான பில்லை விற்றவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அதை இப்போதே செய்யுங்கள். கோடையில், டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறியதும் உள்ளிழுக்கும் காற்றும் சூடாகி, நாக்கிங்கை (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பதை) தவிர்க்க இசியூ என்னும் எஞ்சின் கணினி தானாகவே இக்னிஷனை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்தள்ளும்; அப்போது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சக்தி காணாமல் போகும். எனவே பெரிய இன்டர்கூலர், புதிய ஸ்பார்க் பிளக், விடாமல் 95 ஆக்டேன் பெட்ரோல் ஆகிய மூன்றும் இல்லாமல் ரீமேப் வேண்டாம்.

கேள்வி: இத்தகைய மாற்றங்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதிசெய்தது. பேட், ஆயில், அதே அளவுள்ள டயர் ஆகியவை வழக்கமான தேய்மான மாற்றங்கள். எஞ்சின் சக்தியைக் கூட்டுவது அப்படியல்ல. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் அதைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கலாம். எதையும் பொருத்துவதற்கு முன்பு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.