வாசகர் கேள்வி பதில்: அமெரிக்கப் படைவீரர் கொடுப்பனவு மறுக்கப்பட்டால்

கேள்வி: என் தமையனார் இளவயதில் அமெரிக்காவில் குடியேறி, அந்நாட்டு இராணுவத்தின் பீரங்கிப் பிரிவில் பணியாற்றியவர். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அவருக்குக் காது கேட்பது மிகவும் குறைந்துவிட்டது. அதற்காக அவர் கோரிய இயலாமைக் கொடுப்பனவை மறுத்துச் சில மாதங்களுக்கு முன் கடிதம் வந்தது. மீண்டும் புதிதாக விண்ணப்பிப்பதா, மேன்முறையீடு செய்வதா? அதை யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: முதலில் அமெரிக்கப் படைவீரர் விவகாரத் திணைக்களம் அனுப்பிய அந்த மறுப்புக் கடிதத்தை எடுத்து நிதானமாக வாசியுங்கள். இத்தகைய கோரிக்கைக்கு மூன்று விடயங்கள் நிறுவப்பட வேண்டும்: இன்று ஒரு குறைபாடு இருக்கிறது, சேவைக் காலத்தில் அதற்கு இடமளித்த ஒரு நிகழ்வோ பாதிப்போ நேர்ந்தது, இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு. இவற்றுள் எவை ஏற்கப்பட்டன, எது நிறுவப்படவில்லை என்பதைக் கடிதம் சொல்லியாக வேண்டும். உங்களுக்குச் சாதகமாக ஏற்கப்பட்ட ஒன்றை, அது தவறென்பதற்கு மறுக்கமுடியாத சான்று இருந்தாலொழிய, பின்னர் விசாரிப்பவர் தள்ளிவிட முடியாது. பீரங்கிச் சத்தத்துக்குள் அவர் வேலை செய்தார் என்பது ஏற்கப்பட்டிருந்தால், அதையே மறுபடி பக்கம் பக்கமாக எழுதுவதில் பயனில்லை. விடுபட்ட இடத்துக்கே முழு உழைப்பையும் கொடுக்க வேண்டும்.

செவிப்புலனைப் பொறுத்தவரை குறைபாடு என்பதற்கு அளவு உண்டு. 500, 1000, 2000, 3000, 4000 ஹேர்ட்ஸ் ஆகிய ஐந்து அதிர்வெண்களுள் ஏதேனும் ஒன்றில் 40 டெசிபெல் அல்லது அதற்கு மேல், அல்லது குறைந்தது மூன்றில் 26 டெசிபெல் அல்லது அதற்கு மேல் கேட்கும் எல்லை (ஒலி காதில் விழத் தொடங்கும் மிகக் குறைந்த அளவு) பதிவாகியிருந்தால் அது குறைபாடாகக் கொள்ளப்படும். சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் ஒரு சோதனையில் 94 சதவீதத்துக்குக் குறைந்தாலும் அவ்வாறே. ஆனால் பெரும்பாலான மறுப்புகள் இந்த எண்களில் அல்ல, தொடர்பில்தான் வருகின்றன. ‘சேவையிலிருந்து விலகிய நாளில் செவிப்புலன் இயல்பாக இருந்தது, ஆகவே இது சேவையால் வந்ததல்ல’ என்று பரிசோதித்தவர் எழுதிவிடுவார். விலகும்போது இயல்பாக இருந்தது என்பது மட்டுமே கோரிக்கையைத் தடுக்காது என 1993 இல் ஹென்ஸ்லி எதிர் பிரவுன் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. உங்கள் கடிதத்திலும் இதே காரணந்தான் இருந்தால், மறுப்பு அத்தனை உறுதியானதல்ல.

2017 இல் இயற்றப்பட்டு 2019 பெப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி மூன்று வழிகள் உள்ளன. புதிய, பொருத்தமான சான்றை வைத்துத் துணைக் கோரிக்கை செய்யலாம். புதிய சான்று எதுவுமின்றி, இருக்கும் கோவையையே மூத்த அதிகாரி ஒருவர் மீளாய்வு செய்யும்படி கேட்கலாம். அல்லது வாஷிங்டனிலுள்ள மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். அங்கே நீதிபதி ஒருவர், கோவையை மட்டும் வைத்தோ, 90 நாட்களுக்குள் கூடுதல் சான்று பெற்றோ, நேரடி விசாரணை நடத்தியோ தீர்ப்பளிப்பார். மூன்றுக்கும் கடிதத் திகதியிலிருந்து ஓராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். துணைக் கோரிக்கையைப் பிந்தியும் செய்யலாம் என்றாலும், ஓராண்டைத் தவறவிட்டால் முதல் விண்ணப்பத் திகதியிலிருந்து கணக்கிடப்படும் நிலுவை கைநழுவிப் போகும். ஆகவே எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்காதீர்கள்.

உங்கள் தமையனாருக்குத் துணைக் கோரிக்கையே பொருத்தமென்று கருதுகிறேன். திருகோணமலையில் காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் சேவைக் கால மருத்துவப் பதிவுகளைக் காட்டி, காரணங்களோடு ஓர் அறிக்கை பெறுங்கள். ‘சேவையால் வந்திருக்கலாம்’ என்ற ஒற்றை வரி ஊகமாகவே கொள்ளப்படும். சேவையே காரணமென்பதற்குக் குறைந்தது சரிபாதி வாய்ப்பாவது உண்டு என்பதும், ஏன் அவ்வாறு கருதுகிறார் என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். சரிபாதி போதுமா என்று நீங்கள் தயங்கலாம். போதும், சான்றுகள் இருபக்கமும் ஏறக்குறையச் சமமாக நிற்கும்போது ஐயத்தின் பலன் படைவீரருக்கே என்பது அந்நாட்டுச் சட்டம்.

நீங்களும் ஒரு வாக்குமூலம் எழுதுங்கள். விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது அடுக்களையிலிருந்து கூப்பிட்டும் திரும்பிப் பாராதது, தொலைபேசியை எப்போதும் ஒரே காதில் வைத்தது, தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டச் சொன்னது போன்று கண்ணால் கண்டவற்றை, எந்த ஆண்டு என்ற விபரத்துடன் எழுதுங்கள். நோயின் காரணத்தை நீங்கள் விளக்க வேண்டியதில்லை. அது வைத்தியரின் வேலை. எழுதியவை உண்மை என்று உறுதிகூறிக் கையொப்பமிட்டாலே போதும். இதற்காகச் சமாதான நீதவானைத் தேடிச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியதில்லை.

சபையும் மறுத்தால், 120 நாட்களுக்குள் முன்னாள் படைவீரர்களுக்கெனத் தனியாக உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடலாம். 1988 இல் சட்டமியற்றப்படும்வரை இக்கொடுப்பனவு மறுப்புகளை மீளாய்வு செய்யும் நீதிமன்றமே இருக்கவில்லை. அங்கே புதிய சான்று எடுபடாது என்பதால், சொல்ல வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே கோவையில் சேர்த்துவிட வேண்டும்.

பணம் வாங்கிக்கொண்டு ‘நான் எடுத்துத் தருகிறேன்’ என்று வரும் முகவர்களைக் கிட்ட அண்டவிடாதீர்கள். வெளிநாட்டு வேலை முகவர்களிடம் நம் ஊர்க் குடும்பங்கள் இழந்தது போதும். படைவீரர் விவகாரத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்றவர்களே இதில் உதவலாம். அங்கீகாரம் பெற்ற படைவீரர் அமைப்புகள் இலவசமாகவே செய்கின்றன. சட்டத்தரணியானால், கிடைக்கும் நிலுவையில் 20 சதவீதம்வரை நியாயமான கட்டணமாகக் கருதப்படும். மூன்றிலொரு பங்கைத் தாண்டினால் அது நியாயமற்றதென்றே கொள்ளப்படும்.

கேள்வி: இதேபோன்ற மேன்முறையீடு முடியுமுன்னே என் மாமா காலமாகிவிட்டார். எல்லாம் அவரோடு போய்விட்டதா? மாமி நிலாவெளியில் தனியாக இருக்கிறார்.
– வாசகர், சாம்பல்தீவு

பதில்: போகவில்லை. இறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் உங்கள் மாமி விண்ணப்பித்தால், கணவரின் இடத்தில் நின்று அதே மேன்முறையீட்டைத் தொடரலாம். விடுபட்ட சான்றுகளையும் மாமா தேர்ந்த மேன்முறையீட்டு வழியின் விதிகளுக்கு உட்பட்டுச் சேர்க்கலாம். இந்த உரிமை முதலில் வாழ்க்கைத் துணைக்கும், அவர் இல்லாதபோது வயது வரம்புக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், அடுத்துத் தங்கிவாழ்ந்த பெற்றோருக்கும் உரியது. மருமகனான உங்களுக்கு அந்த உரிமை இல்லை என்பதால் விண்ணப்பம் மாமியின் பெயரிலேயே போகட்டும். மரணச் சான்றிதழையும் விவாகப் பதிவையும், அவை தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு, இப்போதே ஆயத்தப்படுத்துங்கள். அந்தியேட்டிக்குப் பிறகு பார்க்கலாம், ஆண்டுத் திவசம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் அந்த ஓராண்டு கழிந்துவிடும்.