60 வரை இருக்கட்டுமா, இப்போதே விருப்ப ஓய்வு கொடுக்கட்டுமா?

வணக்கம் டாக்டர்.

நான் தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. 1994இல் பணியில் சேர்ந்தேன், அதனால் பழைய ஓய்வூதியம் உண்டு. போன அக்டோபரில் எனக்கு 58 முடிந்தது. நான் சேர்ந்தபோது 58தான் ஓய்வு வயது. 2020இல் 59 ஆக்கினார்கள், மறு வருஷமே 60 ஆக்கினார்கள். பழைய கணக்கு என்றால் அக்டோபர் கடைசியிலேயே மாலை போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். நானும் இப்படி உட்கார்ந்து யோசிக்க வேண்டி இருந்திருக்காது.

விருப்ப ஓய்வு கொடுத்துவிடலாமா, இல்லை 60 வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாமா? இதுதான் என் கேள்வி. 60 முடிவதும் அக்டோபரில் என்பதால், கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம் என்று இன்னும் சில மாதம் நீளும்.

பள்ளி முன்போல் இல்லை. எங்கள் தலைமை ஆசிரியர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். செல்போனில் எதையாவது பதிவேற்ற வேண்டும் என்றால், "டீச்சருக்கு இது வராது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, புதிதாக வந்த அறிவியல் ஆசிரியரிடம் கொடுக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் பத்தாம் வகுப்பு எடுத்தவளுக்கு இதுதான் மரியாதை. பிள்ளைகளும் முன்போல் இல்லை. பத்தாம் வகுப்பு மாடியில் இருக்கிறது, எனக்கு மூட்டு வலி. சர்க்கரைக்கு ஒன்பது வருஷமாக மெட்பார்மின் போடுகிறேன், அது ஓரளவு கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை.

மகள் பெங்களூரில் ஐ.டி. வேலை. பேரனுக்கு ஏழு மாதம். அவளுடைய 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்துவிட்டது. அவள் மாமியார் ஒரு மாதம் இருந்து பார்த்துக்கொண்டார். "அம்மா, நீ எப்ப ரிட்டயர் ஆவ?" என்று போனில் கேட்கிறாள். எனக்குச் சுருக்கென்று இருக்கிறது. இத்தனை வருஷம் வேலை பார்த்தது கடைசியில் ஆயா வேலைக்குப் போகத்தானா? அவளைக் கேட்டால் பாசம் என்பாள். நான்கூட அவளை என் அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன். ஆனால் அந்தக் காலம் வேறு.

என் வீட்டுக்காரர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன், கம்யூடேஷன், பணிக்கொடை, ஜி.பி.எஃப். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் போட்டு வைத்திருக்கிறார். இப்போது வந்தால் இவ்வளவு, 60இல் வந்தால் இவ்வளவு என்று இரண்டு பத்தி. ஆனால் எது நல்லது என்று கேட்டால் "உன் இஷ்டம்" என்பதோடு சரி.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் கோண இருசமவெட்டித் தேற்றம் நடத்திக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை போட்ட தேற்றம். படம் வரைந்து, தரவு எழுதி, நிரூபிக்க வேண்டியது எழுதி, "அமைப்பு" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அடுத்து என்ன என்று தெரியவில்லை. முன் பெஞ்சில் ஒரு பிள்ளை மெதுவாக, "இணைகோடு வரையணும் டீச்சர்" என்றது. சிரித்துச் சமாளித்தேன். அன்றிலிருந்து துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன். என் அம்மாவுக்கும் 63 வயதில் இப்படித்தான் ஆரம்பித்தது, அப்புறம் எங்களையே தெரியாமல் போனார். வயசானால் இதெல்லாம் சகஜம்தான், அதை விடுங்கள்.

தலைமை ஆசிரியர் போன வாரம் மறுபடியும் அதே மாதிரி பேசினார். இப்படிப்பட்ட இடத்தில் இன்னும் ஒன்றேமுக்கால் வருஷம் இருக்க வேண்டுமா? என்னோடு வேலை பார்த்த ஒருவர் 55இலேயே விருப்ப ஓய்வில் போய் நிம்மதியாக இருக்கிறார். இன்னொருவர் போய்விட்டு இன்றைக்கும் புலம்புகிறார். மகளும் விடாமல் கேட்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? நீங்கள் சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

•

அன்புள்ள டீச்சர்,

கணக்கை முதலில் முடித்துவிடுவோம், அது சின்னது. 30 வருஷத்துக்கு மேல் பணி இருப்பதால் உங்களுக்கு முழு ஓய்வூதியம், அதாவது கடைசிச் சம்பளத்தில் பாதி. விருப்ப ஓய்வுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். இப்போது வந்தாலும் 60இல் வந்தாலும் உங்கள் வீட்டில் உலை கொதிக்கும். தலைமை ஆசிரியர் அப்படிப் பேசுவது தவறு. ஆனால் இத்தனை வருஷத்தில் எத்தனை தலைமை ஆசிரியர்களைப் பார்த்திருப்பீர்கள், இவருக்காக வேலையை விடுகிறவர் நீங்கள் இல்லை.

"அதை விடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் எல்லாம் இரண்டு தடவை வருகிறது. தலைமை ஆசிரியர் இரண்டு தடவை, மகள் இரண்டு தடவை. கரும்பலகை முன்னால் கை நின்றது மட்டும் ஒரே தடவை. ஆனால் அதைத்தான் தரவு, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு என்று வரிவரியாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தைகூட அப்படியே நினைவில் இருக்கிறது. நீங்கள் விருப்ப ஓய்வைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது எந்த மாதம் டீச்சர்? எனக்கென்னவோ செப்டம்பருக்குப் பிறகு என்றுதான் தோன்றுகிறது. யாரும் கண்டுபிடிப்பதற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்பதுதான் உங்கள் அவசரம். "டீச்சருக்கு இது வராது" என்ற பேச்சு இவ்வளவு சுடுவதும் அதனால்தானே? அவர் சொல்வது செல்போனை. உங்கள் காதில் விழுவது வேறு.

ஒரு மாணவியின் விடைத்தாளைத் திருத்தாமலே அவள் ஃபெயில் என்று நீங்கள் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டீர்கள். உங்களுக்கு மட்டும் சொல்லிவிட்டீர்கள். செப்டம்பரில் நடந்தது இது. ஒரு டாக்டரிடம் போனதாகக் கடிதத்தில் எங்குமே இல்லை.

நான் பார்க்கிறதைச் சொல்கிறேன். இதை நோய் நிர்ணயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கடிதத்தைப் படித்து அதைச் செய்ய முடியாது. மெட்பார்மினை வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். பி12 குறைந்தால் மறதி வரும். தைராய்டு குறைந்தாலும் வரும். சர்க்கரை ரொம்ப இறங்கினால் அந்த நேரத்துக்குத் தடுமாற்றம் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கிடப்பவருக்கு மறுநாள் கவனம் நிற்காது. உள்ளுக்குள் மனச்சோர்வு இருந்தால் அதுவும் மறதி மாதிரியே வேஷம் போடும். இவை எல்லாம் கண்டுபிடித்துச் சரிசெய்யக் கூடியவை. சிலவற்றுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையே போதும். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அம்மாவுக்கு வந்ததால் உங்களுக்கும் வந்தே தீரும் என்றில்லை. வாய்ப்பு ஓரளவு கூடுதல், அவ்வளவுதான். இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். பயந்த மனதுக்கு ஒரு கண் பாடத்தில், ஒரு கண் தன்மேல். "இப்போது மறந்துவிடுவேனோ" என்று தன்னையே வேவு பார்த்துக்கொண்டு எந்தத் தேற்றத்தையும் தடையில்லாமல் நடத்த முடியாது. உங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரிந்த கணக்கையே தேர்வறைப் பயத்தில் விட்டுவிட்டு வந்த எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களை மக்கு என்றா சொன்னீர்கள்?

சரி, பரிசோதனையில் ஏதாவது இருந்தால்? அதையும் பேசிவிடுவோம், அதுதானே ராத்திரி எழுப்புகிறது. நரம்பியல் டாக்டர் ஞாபகத்துக்கென்று சில சோதனைகள் வைப்பார், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார். ஆரம்பத்திலேயே தெரிந்தால் சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கலாம், பணத்தையும் வீட்டையும் எப்படி வைத்துக்கொள்வது என்று நீங்களே உட்கார்ந்து முடிவு செய்யலாம். உங்கள் அம்மாவுக்கு அந்த அவகாசம் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் அப்போதெல்லாம் "பிடிவாதம்", "வயசாயிடுச்சு" என்று சொல்லியே காலத்தைக் கடத்தினார்கள். டாக்டரிடம் போகும்போது கட்டுப்படுத்த முடியாத நிலைக்கு வந்திருக்கும். வருத்தத்தோடு சொல்கிறேன், "வயசானால் சகஜம்" என்று நீங்களும் அதே வார்த்தையைத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் மகளைப் பற்றி. இதில் நான் அவள் பக்கம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் கேட்டது "எப்ப ரிட்டயர் ஆவ" என்று. "வேலையை விட்டுவிட்டு வா" என்று கேட்டதாக நீங்களும் எழுதவில்லை. ஆயா வேலை என்பது உங்கள் வார்த்தை. நீங்களே அவளை உங்கள் அம்மாவிடம் விட்டுத்தான் இத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கிறீர்கள், அதையும் நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். ஏழு மாதக் குழந்தையோடு வீட்டில் தனியாக இருக்கும்போது கை நின்றுபோனால் என்ன ஆகும் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். பயந்தது தவறில்லை. அந்தப் பயத்தைச் சொல்லாமல் அவள்மேல் கோபமாக மாற்றி வைத்திருப்பதுதான் நியாயமில்லை. அம்மாவுக்கு நம்மிடம் வரப் பிடிக்கவில்லை என்று அங்கே ஒரு பெண் நினைத்துக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்கும் இது பொருந்தும். சீட்டு வைத்துப் பாடம் எடுப்பதில் ஒரு குறையும் இல்லை, நல்ல ஆசிரியர்கள் நிறையப் பேர் குறிப்பு வைத்துக்கொள்வார்கள். ஒளித்து வைப்பதுதான் உங்களைத் தின்கிறது.

அதனால் ஓய்வு எப்போது என்ற கேள்விக்கு இன்று நான் பதில் சொல்லப் போவதில்லை. விண்ணப்பத்தை இப்போது கொடுக்காதீர்கள். ஏற்றுக்கொண்ட பிறகு திரும்ப வாங்குவது எளிதில்லை. பயத்தில் வெளியே வந்தால் அந்தப் பயம் உங்களோடு வீட்டுக்கும் வரும். அங்கே சாவியை எங்கே வைத்தேன் என்று தேடும் ஒவ்வொரு தடவையும் பரீட்சைதான். சில நாள் மருத்துவ விடுப்பு எடுங்கள். உங்கள் சர்க்கரை டாக்டரிடம் இதைச் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அப்படியே ஒரு நரம்பியல் டாக்டரையும் பாருங்கள். முடிவு கையில் வந்தபின், பாடம் நடத்துவது இன்னும் பிடித்திருக்கிறதா என்று மட்டும் யோசியுங்கள். பிடித்திருந்தால் 60 வரை இருங்கள். பத்தாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் வந்துவிடுங்கள், அது உங்கள் உரிமை. கடிதம் முழுக்கத் தேடினேன், பாடம் நடத்துவது அலுத்துவிட்டது என்று நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்றுதான் சொல்வார். அவரிடம் இருப்பது பாதிக் கணக்குதானே. இரண்டு பத்தி போட்ட அந்த நோட்டை இன்று ராத்திரி அவர் முன்னால் வைத்து, துண்டுச் சீட்டுகளையும் எடுத்துக் காட்டுங்கள். செப்டம்பரில் நடந்ததைச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டில் உங்களை எப்படிப் பார்க்கிறார் என்று டாக்டர் அவரிடமும் கேட்பார். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள் டீச்சர், காத்திருப்பேன்.