பிரேக் எப்போது போடுகிறார்?

கேள்வி: டர்பனில் எம்.ஏ. படிக்கிறேன், பத்து வருடம் பரதம் கற்றவள். மாற்றுத்திறனாளி நடனக் கலைஞர்கள் ஒரு படைப்பை எப்படி உருவாக்கி ஒத்திகை பார்க்கிறார்கள் என்று ஆய்வு செய்ய ஆசை. பேட்டிக்கு இருபது கேள்விகள் தயார். போதுமா?
- வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அந்த இருபதும் கொஞ்ச நாள் பைக்குள்ளேயே இருக்கட்டும், தங்கச்சி. பேட்டி என்று உட்கார்ந்தால் விபத்து, ஆஸ்பத்திரி, விடாமுயற்சி என்று வாழ்க்கைக் கதைதான் வரும்; சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்துப்போன கதை. நம் ஆட்களிடம் இந்தப் பேச்சை எடுத்தாலே விபத்தில் காலை இழந்தும் செயற்கைக் காலோடு பரதம் ஆடிய சுதா சந்திரனின் ஜெய்ப்பூர் காலில் போய் நிற்பார்கள். பெரிய விஷயம்தான், ஆனால் அங்கே பரதம் அப்படியே இருந்தது, கால்தான் மாறியது. உடம்புக்கு ஏற்ப நடனமே மாறுகிற இடம் உங்களுக்கு வேண்டும்.

அதற்கு ஒத்திகையில் வாரக்கணக்கில் போய் உட்கார வேண்டும். வீல்சேரில் ஆடுபவர் எப்போது பிரேக் போடுகிறார், எப்போது எடுக்கிறார் என்று குறியுங்கள். பரதத்தின் ஆரம்பப் பாடமான தட்டடவில் நாம் பாதத்தால் தட்டுகிற இடத்தில் அவருக்கு உள்ளங்கை சக்கர விளிம்பில் விழலாம், அப்போது முத்திரை பிடிக்கக் கை இருக்காது, ஒன்றை விட்டால்தான் இன்னொன்று. எதை விடுவது என்று அறைக்குள் ஒரு தகராறு நடக்குமே, அதுதான் உங்கள் ஆய்வு. வலி வந்து படுப்பதும் டயருக்குக் காற்றடிப்பதும்கூட ஒத்திகை நேரம்தான், அப்போது போனை நோண்டாதீர்கள்.

கேப் டவுனில் மாற்றுத்திறனாளிகளும் சேர்ந்து ஆடும் அன்மியூட் நடனக் குழு இருக்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆண்டிலே வெல்லெம் காது கேளாதவர், சைகை மொழியிலிருந்தே அசைவுகளை எடுப்பவர். 'அட, நம்ம ஹஸ்தம் (கை முத்திரை) மாதிரி' என்று தோன்றும், அவசரப்படாதீர்கள். அது தனி மொழி, 2023-இல் தென்னாப்பிரிக்காவின் 12-ஆவது ஆட்சிமொழியும் ஆகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் செலவை முதலிலேயே பட்ஜெட்டில் சேருங்கள். டர்பனிலேயே பார்க்க 1998 முதல் ஜோம்பா நடன விழா நடக்கிறது. அப்புறம், வீடியோ எடுத்தால் ஆடியவருக்கே முதலில் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்குக் காது கேட்காது. சலங்கை கட்டலாமா?
- ஓர் அம்மா, ஃபீனிக்ஸ்

பதில்: தாராளமாக. அதிர்வு கணுக்காலில் தெரியும். சிமெண்ட் தரையைவிட மரத்தரை நல்லது, குரு தாளம் போடும் தட்டுக்கழியின் அடி பாதம் வரை வரும். குரு மட்டும் அவள் கண்ணில் படுகிற மாதிரி உட்கார வேண்டும், பக்கவாட்டில் அல்ல.