பாட்டி கொடுத்த பொட்டலம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்னையிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. வாடகை வீடு. பின்புறம் மூன்று சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. விதையிலிருந்தே ஒரு சின்னக் காய்கறித் தோட்டம் போட வேண்டும், ஓரமாகக் கொஞ்சம் வாசனைத் தழைகளும் வளர்க்க வேண்டும் என்று ஆசை. டிசம்பர் கடைசியில் ஆன்லைனில் 24 பாக்கெட் விதை வாங்கினேன். நாற்றுத்தட்டில் தேங்காய்நார்த் தூள் நிரப்பி எல்லாவற்றையும் விதைத்து வராந்தாவில் வைத்தேன். லெட்யூஸும் முள்ளங்கியும் வந்தன. தக்காளி, குடைமிளகாய், காரட், பார்ஸ்லி, தைம், மல்லி எதுவும் வரவில்லை. 12 நாள் பார்த்துவிட்டு அந்தத் தட்டுகளைக் குப்பையில் கொட்டிவிட்டேன்.

எந்த நிறுவனத்தின் விதையை நம்பலாம்? செடி விளக்கு வாங்க வேண்டுமா? காட்டெருமையை என்ன செய்வது? பக்கத்து ஹட்டியில் (படுகர்களின் ஊர்) ஒரு பாட்டி பழைய செய்தித்தாளில் மடித்துக் கொஞ்சம் கொடி பீன்ஸ் விதை கொடுத்தார். என்ன வகை என்று தெரியாததால் அதை இன்னும் போடவில்லை.

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

போன வாரம்தான் அம்மாவின் பால்மா டின்னை பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. வேறு நாளில் வந்திருந்தால் நான்கு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன்.

முதலில் உங்கள் கேள்விகள். நிறுவனம் எதையும் நான் சொல்லப்போவதில்லை. உங்கள் விதையில் குறை இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. 12 நாளில் யாரைக் கேட்டம்மா கொட்டினீர்கள்? தக்காளி விதை 20 டிகிரி மண்ணில் எட்டு நாளில் முளைக்கும். அதே விதை 10 டிகிரியில் 43 நாள் எடுத்துக்கொள்ளும். பார்ஸ்லிக்கு அந்தக் குளிரில் நான்கு வாரம், காரட்டுக்கு இரண்டரை வாரம். ஜனவரி இரவில் வெளி வராந்தாவில் கிடந்த தட்டு எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உள்ளே உயிரோடு புரண்டுகொண்டிருந்ததைத்தான் நீங்கள் குப்பையில் போட்டீர்கள். எனக்கு அதைப் படித்தபோது உண்மையிலேயே வலித்தது.

விளக்கு வேண்டாம். முளைக்கும்வரை அவற்றுக்கு வேண்டியது வெதுவெதுப்பு. தக்காளித் தட்டையும் மிளகாய்த் தட்டையும் அடுப்பு மேடை ஓரத்தில் வையுங்கள். தலை தெரிந்த அன்றே வெயில் வரும் ஜன்னலுக்கு மாற்றிவிடுங்கள். தைம், லெட்யூஸ் விதைகளை மண் போட்டு மூடாதீர்கள், மேலாகத் தூவி அழுத்தினால் போதும். காரட்டைத் தட்டில் போடவே கூடாது. பிடுங்கி நட்டால் கிழங்கு கவையாகப் பிரியும், நேராகப் பாத்தியில் விதையுங்கள். மல்லியை உள்ளங்கையில் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். ரோஸ்மேரி வேண்டுமென்றால் விதைக்கு அலையாமல் யாரிடமாவது ஒரு குச்சி ஒடித்து வாங்கி நடுங்கள். நம் மலை மண் அமிலம் மிகுந்த புளித்த மண், பாத்தி கட்டும்போதே கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். காட்டெருமைக்கு என்னிடம் மருந்து கிடையாது. அது வரும் வழியை விட்டு, வீட்டுச் சுவரை ஒட்டிப் பாத்தி போடுங்கள்.

இனி அந்தப் பொட்டலம்.

வகை தெரியாது என்கிறீர்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குடைமிளகாய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், எஃப்1 என்று போட்டிருக்கக்கூடும். அது கலப்பின விதை. அதில் காய்த்த காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த வருடம் எப்படிக் காய்க்கும் என்று விற்றவருக்கே தெரியாது. பாட்டியின் பீன்ஸ் அப்படியில்லை. பீன்ஸ் பூ விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டுவிடும். பக்கத்தில் வேறு வகை படர்ந்திருந்தாலும் கலப்பது அபூர்வம். பாட்டியின் பாட்டி போட்டது எதுவோ அதுவேதான் உங்கள் செய்தித்தாளுக்குள் இருக்கிறது. உங்களிடம் வந்த 25 வகை விதைகளில் இந்தக் குளிரையும் இந்த மழையையும் ஏற்கெனவே பார்த்தது அது ஒன்றுதான். அதைத்தான் நீங்கள் நம்பவில்லை.

ஊட்டி தாவரவியல் பூங்காவே காய்கறிக்காகப் பிறந்ததுதான். 1840களில் அங்கே குடியிருந்த ஐரோப்பியர்கள் சந்தா போட்டுத் தங்களுக்கு வேண்டிய காய்கறியை விளைவித்துக்கொண்டார்கள். 1848இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து தோட்டக்கலைஞர் மெக்ஐவர் வந்த பிறகு அது பூங்காவாக மாறியது. ஆனால் சந்தாக்காரர்கள் தங்கள் சாப்பாட்டுக்கு விளைவித்த காரட்டும் கோசும் இந்த மலையின் பயிராக ஆனது, இங்கே பரம்பரையாக விவசாயம் செய்துவந்த படுகர்கள் அவற்றைத் தங்கள் நிலத்துக்கு எடுத்துக்கொண்ட பிறகுதான். உங்கள் பக்கத்துப் பாட்டி அந்தக் கைகளின் வழியில் வந்தவர். அவர் வீட்டில் கொல்லைக்கு எது எப்போது என்பதற்கு நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று கணக்கு இருக்கும். எப்போது போட வேண்டும் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். பொட்டலத்தை வாங்கி வைத்துவிட்டு செல்போனில் தேடியிருப்பீர்கள்.

எங்கள் அம்மா இலங்கையில் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு வரிசையாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பல லட்சம் பேரில் நாங்களும் ஒரு குடும்பம். 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம், ராமேஸ்வரத்தில் இறங்கினோம், மண்டபம் முகாமில் கிடந்தோம், அப்புறம் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. எனக்கு அப்போது ஆறு வயது. அம்மா கொண்டுவந்த சாமான்களில் ஒரு பால்மா டின் இருந்தது. அடுப்புச் சாம்பலும் அதில் புதைந்த போஞ்சி விதையும். பீன்ஸை அங்கே போஞ்சி என்போம். லயத்துப் பின்னால் மிலார் குச்சி ஊன்றிப் போட்டாள். வந்தது. எங்களுக்குத் தெரிந்த ருசியிலேயே வந்தது.

அவள் விதை எடுக்கும் விதத்தை இப்போதும் கண்ணால் பார்க்கிறேன். ஊரில் பலர் காய் பறித்து முடித்து, கடைசியில் முற்றிப்போய் மிஞ்சியதை விதைக்கு விடுவார்கள். அம்மாவுக்கு அது ஆகாது. முதலில் நன்றாக ஏறிய கொடியில் சிவப்புத் துணி கிழித்துக் கட்டிவிடுவாள். அந்தக் கொடியில் நாங்கள் ஒரு காய் கிள்ளக் கூடாது. நெற்று காகிதம்போல் சலசலக்கும்வரை அது கொடியிலேயே நிற்கும். மழை பிடித்துக்கொண்டால் கொடியோடு பிடுங்கி அடுப்புக்கு மேல் தலைகீழாகத் தொங்கவிடுவாள். பல்லால் கடித்துப் பார்ப்பாள். பல் பதிந்தால் இன்னும் காய வேண்டும். பதியாவிட்டால் சாம்பலுக்குள் போகும், வண்டு விழாது. அதற்கு முன் ஒரு பிடி பிரித்து எடுத்துப் பக்கத்து ஹட்டியில் ஒரு அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் பதிலுக்கு அவரைக்காய் விதை கொடுப்பார். கொடுத்ததோடு அம்மா அதை மறந்துவிடுவாள்.

1979 நவம்பர் மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்தது. பாதை இல்லை, வேலை இல்லை, அரிசி இல்லை. மூன்றாம் நாள் அப்பா அந்த டின்னைக் கவிழ்த்தார். சாம்பலைக் கழுவி உப்புப் போட்டு அவித்தார். நானும் தங்கையும் தின்றோம். அம்மா சுவரோரமாக உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விதைகூட வாயில் வைக்கவில்லை. அப்பாவைத் திட்டவும் இல்லை. வெறும் டின்னைத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். விதைநெல்லைக் குத்தித் தின்ற வீடு என்பார்களே, அந்த வார்த்தையை எங்கே கேட்டாலும் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

சித்திரையில் முதல் மழை பெய்த மறுநாள் அந்த ஹட்டி அம்மா லயத்துக்கு வந்தார். வெள்ளை முண்டின் மடிப்பிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். எங்கள் போஞ்சிதான். இந்த வருடம் ஏன் குச்சியே ஊன்றவில்லை என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அம்மா அன்றைக்குத்தான் அழுதாள்.

ஆகவே விதை எங்கே பத்திரமாக இருக்கும், ஃபிரிட்ஜிலா காற்றுப்புகாத டப்பாவிலா என்று யாராவது கேட்டால் நான் அடுத்த வீட்டில் என்றுதான் சொல்வேன். பாட்டி உங்களுக்குக் கொடுத்தது தோட்ட உபயோகப் பொருள் இல்லையம்மா. அவர் தன் விதைக்கு இன்னொரு வீடு பார்த்திருக்கிறார். நீங்கள் அதை மேஜை டிராயரில் வைத்திருக்கிறீர்கள்.

இப்போதே போட்டுவிடாதீர்கள். 10 டிகிரி மண்ணில் பீன்ஸ் முளைக்காது, ஊறி அழுகிவிடும். மண் சூடேறட்டும், கோடை மழை விழட்டும். ஊறவைக்காமல் ஒரு அங்குல ஆழத்தில் போடுங்கள். எல்லாவற்றையும் போட்டுவிடாமல் பத்து விதையை நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்கு வருடத்துக்கு முன் அந்த ஹட்டிக்குப் போயிருந்தேன். அந்த அம்மா இல்லை, அம்மாவும் இல்லை. கொல்லையில் கொடி நின்றது. இது என்ன என்று தெரியாதவன்போல் கேட்டேன். அந்த வீட்டு மருமகள், கடல் தாண்டி வந்த சொல் என்று அறியாமலே, "போஞ்சி" என்றார்.

உங்கள் பொட்டலத்தில் இருப்பதற்கும் பாட்டியிடம் ஒரு பெயர் இருக்கும். போய்க் கேளுங்கள், கேட்டதை அந்தச் செய்தித்தாளின் மேலேயே எழுதி வையுங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். முளைத்த முள்ளங்கியில் நான்கு பிடுங்கி, கீரையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.