ஃபெட்டீக் விரிசலை (சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வளரும் விரிசலை) அளப்பது: கேள்வி பதில்

கேள்வி: சிடி மாதிரியில் (வெட்டுவாய் வைத்து இழுத்துச் சோதிக்கும் சிறு உலோகத் துண்டில்) விரிசல் நீளத்தை நுண்ணோக்கியால் மட்டும் அளந்தால் போதாதா?

போதாது. அதில் தெரிவது பக்கப் பரப்பில் உள்ள விரிசல்தான். தடிமனின் நடுவில் விரிசல் பெரும்பாலும் முன்னே போயிருக்கும். சோதனை முடிந்ததும் மாதிரியை இரண்டாக உடைத்து, முறிவுப் பரப்பில் அளந்து சரிபாருங்கள். எந்த முறையில் அளந்தாலும் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

கேள்வி: அலுமினியத்தில் மின்னழுத்த வீழ்ச்சி முறையில் அளவீடு தாறுமாறாக ஆடுகிறதே?

மாதிரியில் மின்னோட்டம் செலுத்தி, விரிசல் வளர வளர மின்னழுத்தம் கூடுவதை வைத்து நீளத்தைக் கணிக்கும் முறை இது. அலுமினியத்தின் மின்தடை குறைவு. கிடைக்கும் சமிக்ஞை மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும். கம்பி வேறு உலோகமாக இருந்தால், இணைப்புகளுக்கு இடையிலான சிறு வெப்பநிலை வேறுபாடே அதைக் கெடுத்துவிடும். மின்னோட்டத்தின் திசையை மாற்றி இரண்டு முறை அளந்து, வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். அந்தப் பிழை கழிந்துவிடும். அப்புறம், மாதிரிக்கும் இயந்திரப் பிடிக்கும் நடுவே மின்காப்பு இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: மின்னழுத்த முறை இருக்கும்போது கிளிப் கேஜ் (விரிசலின் வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளக்கும் கருவி) எதற்கு? பழைய முறையாயிற்றே.

இதை நான் ஏற்க மாட்டேன். இழுவிசை முழுவதும் இறங்கும் முன்பே விரிசலின் இரு முகங்களும் தொட்டுக்கொள்ளும் என்று 1970-இல் எல்பர் என்ற ஆய்வாளர் காட்டினார். கிளிப் கேஜ் தரும் சுமை-இடப்பெயர்ச்சிக் கோடு கீழ்ப்பகுதியில் வளைவதில் அது நேரடியாகத் தெரியும். மின்னழுத்த முறையிலோ, தொட்ட இடத்தில் மின்னோட்டம் பாய்ந்தால் விரிசல் உண்மையைவிடக் குட்டையாகத் தெரியும். அதனால் உச்சச் சுமையில் அளவெடுங்கள்.

அதே நண்பர்: முகங்களில் ஆக்சைடு படலம் காப்பாக இருக்குமே?

காற்றில் பல உலோகங்களுக்குச் சரி. வெற்றிடத்தில் சோதித்தால் அந்தப் படலம் எங்கிருந்து வரும்? கிளிப் கேஜ், மின்னழுத்த முறை இரண்டையும் சேர்த்துப் பொருத்துங்கள், ஒன்றை மற்றது சோதிக்கட்டும்.

கேள்வி: முன்விரிசலை (சோதனைக்கு முன் மாதிரியில் உண்டாக்கும் தொடக்க விரிசலை) சீக்கிரம் முடிக்கச் சுமையைக் கூட்டலாமா?

கூடாது. முனையில் பெரிய பிளாஸ்டிக் பகுதி (உலோகம் நிரந்தரமாக உருமாறிய பகுதி) உண்டாகி, பிறகு குறைந்த சுமையில் விரிசல் தவழும், நின்றும் போகும். முன்விரிசலின் கடைசிக் கே-மேக்ஸ் (விரிசல் முனையில் தகைவுத் தீவிரத்தின் உச்ச மதிப்பு), சோதனையின் தொடக்கக் கே-மேக்ஸைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தச் சோதனைக்கான தரநிலையான ஏஎஸ்டிஎம் இ647.

கேள்வி: வெல்டிங்கில் எஞ்சிய தகைவை எப்படி அளப்பது?

என் துறை அல்ல. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் மாதிரி மெல்லிய தகடு. நுண்ணோக்கி போதுமா?

முதல் பதிலைப் படியுங்கள். இரு பக்கமும் அளங்கள். நீளங்கள் தடிமனில் கால் பங்குக்கு மேல் வேறுபட்டால் அந்தத் தரவு செல்லாது. உடைத்தும் பாருங்கள்.

கேள்வி: எஃகு மாதிரியை எப்படி உடைப்பது?

ஃபெரைட் எஃகு (கடுங்குளிரில் நொறுங்கும் வகை) என்றால் திரவ நைட்ரஜனில் குளிர வைத்து உடையுங்கள். நொறுங்கிய பகுதிக்கும் ஃபெட்டீக் பகுதிக்கும் இடையே எல்லை பளிச்சென்று தெரியும்.