ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறோம், வீட்டையும் சுத்தமாக வைத்திருக்கிறோம். அப்படியும் 10 மாதக் குழந்தைக்கு ரோட்டா வைரஸ் எப்படித் தொற்றியது?

பதில்: உங்கள் கவனிப்பில் குறை எதுவும் இல்லை. இந்த வைரஸ் பெரும்பாலும் கைகள், பொம்மைகள், கதவுப்பிடி, டயப்பர் மாற்றும் விரிப்பு வழியாகத்தான் வாய்க்குப் போகிறது. தொற்றுவதற்கு மிகக் குறைந்த அளவே போதும். நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்திலோ கோடிக்கணக்கில் இருக்கும். பேதி தொடங்கும் முன்பே மலத்தில் வெளியேற ஆரம்பித்து, நின்ற பிறகும் சில நாட்கள் வந்துகொண்டிருக்கும். ஆகவே யாரிடமிருந்து வந்தது என்று தேடிக் குடும்பத்துக்குள் பழி போட்டுக்கொள்ள வேண்டாம்.

டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அழுக்கான இடத்தை முதலில் துடைத்து, சோப்பால் கழுவி, அதன்பின் பிளீச்சிங் திரவம் பூசுங்கள். 5 சதவீதத் திரவமானால் 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி. மலம் ஒட்டியிருக்கும்போதே பூசினால் குளோரின் அதிலேயே வீணாகிவிடும்.

கேள்வி: ஓ.ஆர்.எஸ். (நீரிழப்பை ஈடுகட்டும் உப்பு-குளூக்கோஸ் கரைசல்) கொடுத்தாலே வாந்தி எடுக்கிறான். பேதியும் நின்றபாடில்லை. அப்புறம் அதை ஏன் கொடுக்க வேண்டும்?

பதில்: பேதியை நிறுத்துவது ஓ.ஆர்.எஸ்.-இன் வேலையே அல்ல. வைரஸ் சிறுகுடலின் உறிஞ்சும் செல்களைச் சிதைக்கிறது. ஆனாலும் சோடியமும் குளூக்கோஸும் ஜோடியாக உள்ளே போகும் வழி பெருமளவு திறந்தே இருக்கும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். இரண்டும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் இது நடக்கும்.

அதனால்தான் கலக்கும்போது செய்யும் தவறு இவ்வளவு முக்கியமாகிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டில் 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளூக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் இருக்கும். பாதிப் பொடியைக் கண்ணளவில் ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு ஏறிப்போகும். ரத்தத்தில் சோடியம் கூடி வலிப்புகூட வரலாம். தண்ணீர் அதிகமானால் பலன் குறையும். சர்க்கரையோ பழச்சாறோ சேர்த்தால் குடலுக்குள் தண்ணீர் இழுக்கப்பட்டு பேதி கூடும். பாக்கெட் எத்தனை மில்லிக்கு என்று படித்து (200 மில்லிக்கும் உண்டு), கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து, முழுப் பொடியையும் போடுங்கள். கலந்தபின் சூடாக்காதீர்கள். 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை பேதியானதும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. நீரிழப்பு ஏற்கெனவே தெரிந்தால் கிலோவுக்கு 75 மில்லி, 4 மணி நேரத்தில். அதாவது 8 கிலோ குழந்தைக்கு 600 மில்லி. இதை மருத்துவர் கண்காணிப்பில் செய்யுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி கொடுங்கள். தாகத்தில் தவிக்கும் குழந்தைக்கு டம்ளரோடு நீட்டினால் மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே கக்கிவிடும். கரண்டிதான் சரி, பொறுமை சோதிக்கப்பட்டாலும்.

கேள்வி: ஆன்டிபயாடிக் கொடுத்தால் சீக்கிரம் நிற்காதா? பாலை நிறுத்தலாமா?

பதில்: வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் பேதி நிறுத்தும் மாத்திரை சின்னக் குழந்தைக்கு ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது துத்தநாகம் (ஜிங்க்): 6 மாதத்துக்குள் தினம் 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி., 10 முதல் 14 நாட்கள். பேதி நின்றாலும் முழு நாட்களும் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. வழக்கமான உணவும் தொடரட்டும்.

கேள்வி: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பதில்: குழந்தை துவண்டு கிடந்தால், குடிக்க மறுத்தால், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், கண் குழி விழுந்தால். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பாருங்கள். உடனே சமமாகாமல் மடிப்பு நின்றாலும் தாமதிக்காதீர்கள். மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி இரண்டும் வேறு கோளாறாக இருக்கலாம். அப்போதும் உடனே காட்டுங்கள்.

கேள்வி: தடுப்பு மருந்து போட்டும் பேதி வந்தது. பிறகு எதற்கு?

பதில்: தொற்றை அது முழுவதும் தடுக்காது, சலைன் ஏற்றும் அளவுக்கு முற்றுவதைத்தான் பெரும்பாலும் தடுக்கும். வேறு கிருமிகளால் வரும் பேதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாய்வழியே 2 அல்லது 3 தவணை, மருந்தின் வகையைப் பொறுத்து. முதல் தவணை 6 வார வயதிலிருந்து, இடைவெளி குறைந்தது 4 வாரம். தள்ளிப்போடாதீர்கள்: நோய் கடுமையாகத் தாக்கும் வயதுக்கு முன் தவணைகள் முடிந்திருக்க வேண்டும். தாய்ப்பால் கொடுத்த கையோடு மருந்து கொடுத்தாலும் தவறில்லை.

மிக அரிதாக, முக்கியமாக முதல் தவணைக்குப் பிந்தைய வாரத்தில், குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் செருகிக்கொள்ளலாம். ஒரு லட்சம் குழந்தைகளில் சிலருக்கு. விட்டுவிட்டு வீறிட்டு அழுது காலை வயிற்றோடு மடக்கினால், மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து வந்தால், அதே மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முன்பே இந்தக் கோளாறு வந்த குழந்தைக்கும், பிறவியிலேயே கடுமையான நோய் எதிர்ப்புக் குறைபாடு உள்ள குழந்தைக்கும் இந்த மருந்து கூடாது.